விமானப் புகையைத் திரும்ப எடுக்க எவ்வளவு செலவாகும்? மரக்காணம் உப்பளம் சொல்லும் கணக்கு!

இ.சி.ஆரில் பாண்டிச்சேரிக்கு வீக் எண்ட் ட்ரிப் போனவங்களுக்கு மரக்காணம் தெரியும். பாத்தி பாத்தியா உப்பளம், வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். ஒரு செல்ஃபி எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். இந்த முறை கொஞ்சம் நின்னு ஒரு கணக்கு போடுவோமா?

சென்னையிலிருந்து லண்டனுக்கு எகானமி கிளாஸில் போய்த் திரும்பினால், உங்கள் பங்காக ஏறக்குறைய ஒரு டன் கார்பன் டை ஆக்ஸைடு காற்றில் சேரும். 'டிக்கெட் புக் பண்ணும்போதே கார்பன் ஆஃப்செட்டுக்குப் பணம் கட்டிட்டேனே' என்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கு. மலிவான ஆஃப்செட்கள் பெரும்பாலும், வேறெங்கோ வரவிருந்த புகையைத் தடுத்ததாகக் கணக்கு காட்டுபவை. நீங்கள் விட்ட புகை மேலேயேதான் இருக்கும்.

அதை நிஜமாகவே திரும்ப எடுக்க முடியுமா? முடியும். ஐஸ்லாந்தில் க்ளைம்வொர்க்ஸ் நிறுவனம், 2021-ல் திறந்த ஆலையில் காற்றிலிருந்து கார்பனைப் பிரித்து, பூமிக்கடியில் பாறையோடு சேர்க்கிறது. செலவு, டன்னுக்குச் சுமார் 1,000 டாலர். நம்ம காசுக்கு 85,000 ரூபாய்க்கு மேல். பல நேரம் லண்டன் டிக்கெட்டே அதைவிடக் கம்மி!

ஏன் இவ்வளவு?

1,000 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிலோ உப்பு இருக்கு. பாத்தியில் விட்டால் வெயிலும் காற்றும் இலவசமாகவே தண்ணீரை வற்றவைத்துவிடும். 1,000 லிட்டர் காற்றிலோ கார்பன் டை ஆக்ஸைடு ஒரு கிராம்கூட இல்லை. அதைப் பிடிக்க ராட்சத ஃபேன்கள், வெப்பம், மின்சாரம் எல்லாம் வேண்டும். மரம் நடுவது மலிவுதான். ஆனால், வளரப் பல வருஷம் ஆகும்; வெட்டினாலோ எரிந்தாலோ கார்பன் மறுபடி காற்றுக்கே போய்விடும்.

சர்வதேச விமானங்களுக்கான 'கோர்சியா' விதி 2027-ல் இந்தியாவுக்கும் கட்டாயமாகிறது. ஆனால், உலக விமானத்துறையின் 2019-ம் ஆண்டு உமிழ்வில் 85 சதவிகிதத்தைத் தாண்டுவதற்கு மட்டுமே ஈடு கட்டினால் போதும். அதையும் மலிவான கிரெடிட்டிலேயே முடித்துவிடலாம்.

அப்போ பில் யாருக்கு?

2024 நவம்பர் 30-ம் தேதி கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மழையில் மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. ஒரு புயலுக்கு விமானத்தைக் கைகாட்ட முடியாதுதான். ஆனால், பூமி சூடாகச் சூடாகப் பெருமழை கடுமையாகும் என்பது அறிவியல். மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு தரும் நிவாரணம் ஆண்டுக்கு 5,000 ரூபாய். உங்கள் ஒரு லண்டன் ட்ரிப்பின் புகையை எடுக்கும் செலவு, அந்தக் குடும்பத்தின் 17 வருஷ நிவாரணம்!

அடுத்த முறை ஆஃப்செட் பாக்ஸை டிக் பண்ணும் முன் ஒரே கேள்வி கேளுங்க: 'புகையை எடுத்தீங்களா, இல்லை தடுத்தீங்களா?' ரயில் போகிற ஊர் என்றால், ரயிலிலேயே போங்க. வெளியே விடாத புகையை எடுக்கச் செலவே இல்லை.