அளவு தவறினால் கணக்கும் தவறும்

மூளையிலுள்ள ரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் பலம் குன்றிச் சிறு பலூன் போலப் புடைத்துக் கொள்வதை டாக்டர்கள் 'அனியூரிசம்' என்கிறார்கள். வயது வந்தவர்களில் 100க்குச் சுமார் 3 பேருக்கு இது இருக்கக்கூடும். பெரும்பாலோருக்கு இது வெடிப்பதில்லை. இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்து விடுகிறார்கள். வெடித்து விட்டாலோ, ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உயிரிழக்கிறார். தப்பியவர்களிலும் பலர் பழையபடி வேலைக்குத் திரும்ப முடிவதில்லை.

வெடிக்குமுன் தடுக்க வழி உண்டு. 1937ல் அமெரிக்க டாக்டர் வால்டர் டேண்டி, புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு அடைத்தார். 1990களில் குழாய் வழியாகவே பிளாட்டினக் கம்பிச் சுருளை உள்ளே செலுத்தும் முறை பரவியது. ஆனால் இரண்டிலும் ஆபத்தும் உண்டு, செலவும் உண்டு. தேவைப்படாதவருக்குச் செய்வதும் தவறு. தேவைப்படுபவருக்குச் செய்யாமல் விடுவதும் தவறு. எது வெடிக்கும், எது வெடிக்காது என்று முன்கூட்டி அறிவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை காணத்தான் கம்ப்யூட்டரின் துணை நாடப்படுகிறது. நோயாளியின் ரத்தக் குழாயைப் படத்திலிருந்து அப்படியே வார்த்தெடுத்து, அதில் ரத்தம் எப்படிச் சுழல்கிறது, சுவரை எவ்வளவு விசையுடன் உரசுகிறது என்று கணக்கிடுகிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் கணக்குக்கு அடிப்படையான படமே எவ்வளவு சரியானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழாயில் மருந்துச் சாயம் செலுத்தப்பட்டதும் எக்ஸ்ரே கருவி தலையைச் சுற்றி வந்து பல கோணங்களில் படம் எடுக்கிறது. கம்ப்யூட்டர் அவற்றைச் சேர்த்து, சிறு சிறு கட்டங்களாலான முப்பரிமாணப் படம் ஆக்குகிறது. அப்போது படத்தை வழவழப்பாக்குவதா, கூர்மையாக்குவதா என்பதை ஆஸ்பத்திரியில் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்து, எந்த வெளிச்ச அளவு வரை ரத்தம், எங்கிருந்து சுவர் என்று எல்லை போடுகிறார்கள். இரண்டும் மனிதர் எடுக்கும் முடிவுகள்.

3 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயை எடுத்துக் கொள்வோம். ஒரு கட்டம் 0.3 மில்லிமீட்டர். இருபுறமும் அரைக் கட்டம் உள்ளே தள்ளி எல்லை போட்டால் விட்டம் 2.7 ஆகிறது. குறைந்தது 10 சதவீதம்தான். ஆனால் நேரான குழாயில் அதே அளவு ரத்தம் பாயும்போது, சுவரில் உரசும் விசை விட்டத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே அது 37 சதவீதம் கூடி விடுகிறது. எடைக்கல் தவறாயிருந்தால் தராசைக் குறை சொல்லிப் பயனில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2018ல் ஜெர்மனியின் மாக்டபர்க் ஆராய்ச்சியாளர்கள் முன்நின்று நடத்திய சோதனையில், ஒரே நோயாளியின் 5 புடைப்புகளின் படங்கள் பல நாடுகளைச் சேர்ந்த 20க்கு மேற்பட்ட குழுக்களிடம் தரப்பட்டன. அவர்கள் வார்த்தெடுத்த வடிவங்கள் ஒன்றுபோல இல்லை. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, ஒரே படப்பதிவை வழவழப்பாகவும் கூர்மையாகவும் மாற்றினாலே ரத்த ஓட்டக் கணக்கு மாறுவதைக் காட்டியது. போதாக்குறைக்கு, உரசல் கூடினால் ஆபத்தா, குறைந்தால் ஆபத்தா என்பதிலேயே நிபுணர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன.

ஆகவே வண்ணப் படத்தில் சிவப்பாகத் தெரிவதெல்லாம் எமனின் முத்திரை அல்ல. நீலமெல்லாம் அபயக்கரமும் அல்ல. இத்தகைய கணக்கைச் சிகிச்சைக்குப் பயன்படுத்துவோர், படம் எப்படி எடுக்கப்பட்டது, எல்லை எப்படிப் போடப்பட்டது, பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் அறிக்கையிலேயே எழுத வேண்டும். எழுதாத அறிக்கையை ஏற்பதில்லை என்று சுகாதார அதிகாரிகள் விதி செய்வது நல்லது.

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இது மேலும் முக்கியமானது. இங்கு படம் எடுத்துக் கொண்டு, சிகிச்சைக்குச் சொந்த ஊர் செல்வோர் அநேகர். அச்சிட்ட பிலிம் மட்டும் போதாது. படப்பதிவு முழுவதையும் டிஸ்க்கில் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். அது கையில் இருந்தால்தான் மற்றொரு டாக்டர் மறுபடியும் அளந்து பார்க்க முடியும். அவசரமில்லாத நிலையில், நகையை அடகு வைத்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்கு முன் இரண்டாவது டாக்டரின் கருத்தைக் கேட்பது தவறல்ல.

ஆனால் ஒன்றில் தாமதம் கூடாது. இதுவரை கண்டிராத கடும் தலைவலி திடீரென இடிபோலத் தாக்கினால், மாத்திரை போட்டுக் கொண்டு படுக்காமல் அக்கணமே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பீடி, சிகரெட்டை விடுவதும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் வெடிக்கும் ஆபத்தைக் குறைக்கும். இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.