கல்வெட்டில் பேர் இருக்கு, கணக்கு எங்கே?

எந்தச் சின்ன ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு நிழற்குடை இருக்கும். அதில் பளபளவென்று ஒரு கிரானைட் கல்வெட்டு. திறந்து வைத்தவர் பேர், தலைமை தாங்கியவர் பேர், முன்னிலை வகித்தவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர், அப்புறம் செயல் அலுவலர். நிதி எங்கிருந்து வந்தது, எவ்வளவு என்பது கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தாலும் இருக்கலாம். பல கல்வெட்டுகளில் அதுவும் இருக்காது. நாலு கம்பி, ஒரு தகரம், உட்காரக் கடப்பாக்கல். "இதுக்கு இவ்வளவு லட்சமாம்" என்று எதிர் டீக்கடையில் ஒருவர் சொல்வார். "இல்லப்பா, அதுக்கு மேல" என்பார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் தெரியாது என்பதுதான் விஷயம்.

தொகையை எழுதிப் போட்டுவிட்டால் வெளிப்படை ஆகிவிட்டது என்று பேரூராட்சிகளும் நகராட்சிகளும் நம்மை நம்ப வைத்திருக்கின்றன. ஆகவில்லை. 'மதிப்பீடு 25 லட்சம்' என்ற பலகையிலிருந்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. ஒரு வேலையின் நிஜம் இரண்டு காகிதங்களில்தான் இருக்கிறது. ஒன்று, விரிவான எஸ்டிமேட்: எத்தனை கன மீட்டர் தோண்ட வேண்டும், எந்தக் கலவையில் கான்கிரீட், கம்பி எத்தனை கிலோ, என்ன ரேட் என்று வரி வரியாக இருப்பது. இன்னொன்று 'எம் புக்' என்று ஆபீஸில் சொல்லும் அளவுப் புத்தகம். வேலை நடந்தபின் பொறியாளர் நேரில் அளந்து எழுத வேண்டிய நோட்டு அது. அதில் எழுதிய அளவுக்குத்தான் பில் பாஸ் ஆகும். ஊழல் என்று ஊரே பொதுவாகப் புலம்புகிற சமாச்சாரம் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டு காகிதங்களுக்கும் தரைக்கும் நடுவில்தான்.

பேவர் பிளாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத் தெரு, பஸ் ஸ்டாண்டு, பூங்கா, சந்தைத் திடல் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். ஆள் நடக்கிற இடத்துக்கு 50, 60 மி.மீ. கனம் போதும். பஸ்ஸும் லாரியும் திரும்புகிற இடம் என்றால் 80 மி.மீ.யும் அதற்கு மேலும் வேண்டும். கீழே கெட்டித்த அடித்தளம், அதன் மேல் மணல் விரிப்பு, அப்புறம்தான் கல். போட்டு முடித்தபின் மேலே நின்று பார்ப்பவனுக்கு 60க்கும் 80க்கும் வித்தியாசம் தெரியாது. அடியில் ஜல்லி இருக்கிறதா, வெறும் மண்ணா என்பதும் தெரியாது. முதல் மழையில் பள்ளம் விழும்போதுதான் தெரியும். அதற்குள் பில் பாஸாகி, கல்வெட்டும் திறந்தாகிவிட்டது!

டெண்டர் விடும் வரையாவது கொஞ்சம் வெளிச்சம் உண்டு. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. இணையத்தில் அறிவிப்பு வருகிறது. ஆனால் யாருக்கு வேலை போகிறது என்பதோடு அந்த வெளிச்சம் அணைந்துவிடுகிறது. வேலை எப்படி நடந்தது, எவ்வளவு அளந்தார்கள், எத்தனை பில் போட்டார்கள் என்பதெல்லாம் பீரோவுக்குள்.

இத்தனைக்கும் தகவல் உரிமைக்கு இந்தியாவிலேயே முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். (அதில் விதிவிலக்குகள் ஏராளம் என்பது வேறு கதை.) மத்திய சட்டம் 2005இல் வந்தது. அதன் 4ஆம் பிரிவு என்ன சொல்கிறது? யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் தன் திட்டங்கள், உத்தேசச் செலவு, பட்டுவாடா விவரம் எல்லாவற்றையும் தானாக வெளியிட வேண்டும். கெடு 120 நாள். இருபது வருஷம் தாண்டிவிட்டது. எத்தனை பேரூராட்சி வாசலில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்?

சின்ன ஊருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்பதற்கு அரசியல் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. கிராமத்துக்கு 243ஏ பிரிவில் கிராம சபை உண்டு. யாரும் எழுந்து நின்று வரவு செலவு கேட்கலாம். அங்கேயும் ஆயிரம் கோளாறு, சரி, ஆனால் கேட்க ஒரு இடம் இருக்கிறது. 2005ஆம் வருடத்து வேலை உறுதிச் சட்டம் ஏரி வெட்டுகிற நூறு நாள் வேலைக்குக்கூட சமூகத் தணிக்கை வைத்தது. பெரிய நகரத்துக்கு 243எஸ் பிரிவில் வார்டு குழு. அதற்கு மக்கள்தொகை 3 லட்சம் இருக்க வேண்டும். இருபதாயிரம், முப்பதாயிரம் பேர் வாழ்கிற ஊர்? நடுவில் விழுந்துவிட்டது. நகர்ப்புறத்துக்கு ஏரியா சபை வைக்கத் தமிழ்நாட்டில் 2010இல் சட்டம் போட்டார்கள். விதிகள் எழுதி முடிக்க 2022 ஆனது. பன்னிரண்டு வருஷம்!

அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான். ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் இல்லை, கூட்டம் இல்லை, தனி அலுவலர் ஒருவரே திட்டம் போட்டு அவரே பாஸ் செய்த காலம். அப்போது கட்டிய கழிப்பறைக்கும் சமுதாயக் கூடத்துக்கும் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்க ஒருவரும் கிடையாது.

காகிதத்தைக் கேட்டு வாங்க முடியும் என்று காட்டியதும் சின்ன ஊர்தான், ராஜஸ்தானில். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு ஊரைக் கூட்டி, பஞ்சாயத்து வேலைகளின் கணக்கை உரக்கப் படித்தது. முடிந்ததாகக் கணக்கில் இருந்த கட்டடம் பாதியில் நின்றது. அதே அமைப்பு 1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரின் கடைவீதியில் 40 நாள் தர்ணா உட்கார்ந்தது. வேலை கொடு, நிவாரணம் கொடு என்றல்ல. பில்லையும் மஸ்டர் ரோலையும் ஜெராக்ஸ் எடுக்க விடு, அவ்வளவுதான் கோரிக்கை. அந்த ஜெராக்ஸ் சண்டைதான் 2005 சட்டம் வரை வந்து நின்றது.

இதற்கு ஆபீஸ் பக்கத்திலிருந்து வழக்கமான பதில்கள் வரும். "ஆடிட் இருக்கே" என்பார்கள். உள்ளாட்சி நிதித் தணிக்கை இருக்கிறதுதான். அது வேலை முடிந்து காலம் கழித்து வரும். வந்து பார்ப்பதும் ஃபைலைத்தான், பேவர் பிளாக்கைப் பெயர்த்து அல்ல. "எஸ்டிமேட் ஜனங்களுக்குப் புரியாது" என்பது இன்னொன்று. சொந்தமாக ஒரு வீடு கட்டியவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை யூனிட் மணல், கம்பி என்ன சைஸ் என்று மேஸ்திரியை உட்கார வைத்து நாலு நாள் கணக்குக் கேட்டவர்கள்தான் ஊர் முழுக்க.

கொஞ்சம் யோசிக்க வேண்டிய பதில் ஒன்றுதான். "ஆர்.டி.ஐ. போட்டுப் பேப்பரை வாங்கி, காண்ட்ராக்டரை மிரட்டிக் காசு பறிக்கிறார்கள்." பறிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பேப்பருக்கு எப்படி விலை வந்தது? பூட்டி வைத்ததால் வந்தது. எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டிவிட்ட எஸ்டிமேட்டை வைத்து யாரை மிரட்ட முடியும்? மிரட்டலுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பசை டப்பாவைத்தான். :)

செலவு மட்டுமல்ல, வரவும் இப்படித்தான். பஸ் ஸ்டாண்டு கடைகள் ஏலத்தில் ஒருவர் பேரில் போகும், நடத்துபவர் வேறொருவர், அவர் கொடுக்கும் உள்வாடகை பேரூராட்சிக்குப் போவதைப்போல் பல மடங்கு. பல ஊர்களில் இது ரகசியமே இல்லை. எந்தக் கடை யாருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை மாத பாக்கி என்று ஒரு தாள் ஒட்டினால் போதும். ஒட்ட மாட்டார்கள்.

சட்டத்தில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் 'தகவல் உரிமை' என்பது நகல் வாங்குவது மட்டுமல்ல. வேலையை நேரில் ஆய்வு செய்யலாம், ஆவணத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம், பொருளின் சான்றிட்ட மாதிரியையும் எடுக்கலாம். அதாவது உங்கள் தெருவில் போட்ட கல்லில் ஒன்றை, கான்கிரீட்டில் ஒரு துண்டை. மனுவுக்குப் பத்து ரூபாய், 30 நாளில் பதில். காரணமின்றி இழுத்தடித்தால் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆனால் ஒவ்வொரு சாக்கடைக்கும் ஒருவர் மனு போட்டு, பேரைக் கொடுத்து, காண்ட்ராக்டரின் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு ஏன் உட்கார வேண்டும்? பூமி பூஜைக்கு இருபதடி பிளக்ஸ் வைக்கிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் எஸ்டிமேட்டின் அளவுகளையும், வேலை முடிந்ததும் எம் புக் பக்கங்களையும் அதில் பாதி அளவில் வைக்கட்டும். பணம் கடைசித் தவணை போகும் முன் ஒரு மாதம் அது அங்கேயே நிற்கட்டும், மேஸ்திரிகள் வந்து டேப் வைத்து அளந்து பார்க்கட்டும்.