இசக்கியின் கையும் மாயாவியின் கையும்

போன மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு படிப்பு வட்டம். பேச்சு எப்படியோ சினிமாப் பக்கம் திரும்பிவிட்டது. ஐ.டி.ஐ. படிக்கிற தம்பி ஒருத்தன், தனக்கு வடிவேலு என்றால் உயிர், செல்போன் முழுக்க அந்தக் காமெடிதான் என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூத்த தோழர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "இந்த ரசிக மனோபாவம் ஒழியாம விடுதலை கிடையாது" என்றார். அதோடு சரி. தம்பி அன்றைக்குப் பூரா வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தோழர்மேல் கோபம். அதே வாக்கியத்தை முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் நாலு பேரிடம் சொல்லி வாயடைத்திருக்கிறேன் என்பதால் கோபம் கொஞ்சம் கூடுதல்.

நானும் ரசிகன்தான். அதை மறைத்துக்கொண்டுதான் இயக்கத்துக்கு வந்தேன். நம்மில் பாதிப்பேர் கதை அதுதானே?

எங்க சேரிக்குக் காமிக்ஸ் புத்தகம் கடையிலிருந்து வரவில்லை, பழைய பேப்பர் வண்டியிலிருந்து வந்தது. ஊர்த்தெருப் பிள்ளைகள் படித்து முடித்து எடைக்குப் போட்டது. அட்டை இருக்காது. கடைசி நாலு பக்கம் இருக்காது. அப்படித்தான் இரும்புக்கை மாயாவி எனக்குக் கிடைத்தான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் கிளம்பியபோது முதல் புத்தகமே அவன்தான். இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்கிற வார இதழில் 1962இல் தொடங்கிய தொடர் அது. கதை தெரியாத தம்பிமார்களுக்குச் சொல்கிறேன்: கிராண்டல் ஒரு சோதனைச்சாலையில் வேலை செய்கிறவன். விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிக்கு உதவியாள். நம்ம மில் பாஷையில் ஹெல்பர். வேலை செய்கிற இடத்து விபத்தில் வலது கை போய்விடுகிறது. இரும்பில் கை மாட்டிவிடுகிறார்கள். பிறகு இன்னொரு விபத்து. கரண்ட் பாய்ந்தால் அவன் உடம்பு மறைந்துபோகும், அந்த இரும்புக்கை மட்டும் தெரியும்.

சின்ன வயசில் அது மாயாஜாலம். சிப்காட்டுக்குள் போன பிறகுதான் அது எவ்வளவு சாதாரணமான விஷயம் என்று தெரிந்தது. கேட்டில் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். ஆள் எந்த ஊர், பெண்டாட்டி பிள்ளை உண்டா, சாப்பிட்டானா, எதுவும் யாருக்கும் கண்ணில் படாது. பிரஸ்ஸில் தகடு தள்ளுகிற கை மட்டும் படும். கை நின்றால்தான் ஆளைத் தேடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பக் கதையில் மாயாவி நல்லவன் கிடையாது. உடம்பு மறையும் என்று தெரிந்ததும் கொள்ளையடிக்கத்தான் போகிறான். சர்க்கார் ஏஜெண்டாகித் திருந்துவதெல்லாம் பிற்பாடு. அந்த முதல் மாயாவியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏன் என்று விளக்கம் கேட்காதீர்கள்.

இப்போது எங்கே பார்த்தாலும் 'அந்தக் காலம்' பேச்சு. அந்தக் காலத்துப் பாட்டு, அந்தக் காலத்து தூர்தர்ஷன், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். எல்லாரும் உருகுகிறார்கள். எனக்கும் அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் நான் கேட்டது ஊர்த்தெருப் பஞ்சாயத்து டி.வி.யில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று. உள்ளே ஊர்க்காரப் பிள்ளைகள். பாட்டு முழுசாகக் காதில் விழும். படம் யார் தலை மறைக்கிறதோ அதைப் பொறுத்தது. 2006க்குப் பிறகு கலைஞர் அரசு இலவசக் கலர் டி.வி. கொடுத்தபோதுதான் எங்கம்மா சொந்த வீட்டில் பாயைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து பாட்டுப் பார்த்தாள். இலவசம் சனங்களைக் கெடுக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார்களே, அவர்களெல்லாம் ஜன்னலுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து வளர்ந்தார்களோ.

'தேவர் மகன்' 1992இல் வந்தது. எங்க தெருவில் ஆடித் திருவிழாவுக்கு வாடகை டெக் எடுத்து மூன்று படம் போட்டார்கள், அதில் அதுவும் ஒன்று. விடியவிடியப் பார்த்தோம். சாதிப் பெருமை பாடுகிற அந்தப் பாட்டு வந்தபோது நாங்களும் தாளம் போட்டோம். மெட்டுப் போட்டவர் பண்ணைப்புரத்து இளையராஜா. நல்ல மெட்டு, அதுதான் கொடுமை. தென்மாவட்டங்களில் அந்தப் பாட்டு ஊர்வலங்களில் யார் தெருவைப் பார்த்து முழங்கியது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. படம் தேசிய விருதும் வாங்கியது.

அதில் வடிவேலு இசக்கியாக வருவார். பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னான் என்று பூட்டிக் கிடந்த கோயிலைத் திறந்துவிடப் போனவன் இசக்கி. அதற்காக வெட்டுப்பட்டது அவன் கை. பெரிய வீட்டுக்குள் நடக்கிற பங்காளிச் சண்டை, நடுவில் போனது கூலிக்காரன் கை. இசக்கி யார் என்று எங்க சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கை போன பிறகு அவன் பேசுகிற பேச்சுக்குத் தெருவே சிரித்தது. பக்கத்தில் என் நைனா மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க சண்டைக்கு இவங்கையா?" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். எங்கள் படிப்பு வட்டத்தில் அந்தப் படத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். நிலப்பிரபுத்துவம், வன்முறை என்று என்னென்னவோ பேசினோம். இசக்கியின் கையைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, நான் உள்பட.

அந்தக் கையை மறக்காத ரசிகன் ஒருத்தன் தெற்கே இருந்தான். 'மாமன்னன்' (2023) 'தேவர் மகன்' பார்த்த பாதிப்பில் பிறந்தது என்று மாரி செல்வராஜ் கமலை முன்னால் வைத்துக்கொண்டே மேடையில் சொன்னார். அந்த இசக்கிதான் மாமன்னன் என்றார். அதே வடிவேலு. 'சின்னக் கவுண்டரில்' விஜயகாந்துக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஓடியவர், இங்கே தனித் தொகுதி எம்.எல்.ஏ. ஆதிக்க சாதிக்காரன் வீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே இருக்கிறவர், கடைசியில் சபாநாயகர் நாற்காலியில் உட்காருகிறார். படத்தில் எனக்குச் சில வருத்தங்கள் உண்டு, பெண்களுக்கு அதில் இடம் குறைவு. அது வேறு கட்டுரை. இங்கே நான் சொல்ல வருவது, இந்தப் பதிலை எழுதியவன் சினிமாவை வெறுத்து ஒதுக்கினவன் இல்லை என்பதுதான். திரும்பத்திரும்பப் பார்த்தவன், ரசித்தவன், ரசித்ததாலேயே காயம்பட்டவன்.

எதிர்த்தரப்புக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். 'மாமன்னன்' ஓ.டி.டி.யில் வந்தவுடன் என்ன நடந்தது? அந்தப் படத்து வில்லன் ரத்னவேலுவை வெட்டி ஒட்டி, சாதிப் பாட்டுச் சேர்த்து, மீசை முறுக்குகிற வீடியோவாக ஆயிரக்கணக்கில் பரப்பினார்கள். ஒவ்வொரு சாதியும் அவனைத் தன் ஆளாக்கிக்கொண்டது. நாயை அடித்துக் கொல்கிறவனை நாயகனாக்கிவிட்டார்கள். அந்தப் பொடியன்களுக்கு எந்தத் தலைவரும் 'ரசிக மனோபாவம்' என்று வகுப்பெடுத்து வாயடைக்கவில்லை. நாம்தான் நம்ம பிள்ளைகளின் வாயை அடைக்கிறோம்.

2019 மே மாதம் காண்ட்ராக்டர் நேசமணிக்காக இணையமே பிரார்த்தனை செய்தது ஞாபகம் இருக்கும். 'ஃப்ரண்ட்ஸ்' (2001) படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலு. அந்த வாரம் நான் சிப்காட் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தேன். பீகார், ஒரிசாப் பையன்கள் எட்டுப் பேர் ஒரு ரூமில். தமிழ் அரைகுறை. போனை நடுவில் வைத்துக்கொண்டு சுத்தியல் விழுவதைப் போட்டுப்போட்டுச் சிரித்தார்கள். அதில் ஒருத்தன் கையில் கட்டு. உருட்டாலையில் சூட்டுக் கம்பி இழுத்தது. அவனும்தான் சிரித்தான். யாருக்காகப் பிரார்த்தனை என்று எனக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

கைக்கு ஒரு விலைப்பட்டியல் உண்டு, தெரியுமா? 1923இல் வெள்ளைக்காரன் போட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவிகிதம், கட்டைவிரலுக்கு 30, முழுக் கைக்கு 60 என்று சம்பாதிக்கும் சக்தியின் இழப்பைக் கணக்குப் போட்டு வைத்தார்கள். அந்தப் பட்டியலைக்கூடக் காண்ட்ராக்ட் ஆள் வாங்க வேண்டுமானால், அன்றைக்கு அவன் அந்தக் கேட்டுக்குள் இருந்தான் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும். மாயாவியின் பாடுதான்.

என்னோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருத்தனுக்கு பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல் போனது. எந்த மில் என்று சொல்லி இனி ஆகப்போவது இல்லை. இப்போது மறுபதிப்பெல்லாம் வழுவழுப்புத் தாளில் வருகிறது. சென்னைப் புத்தகக் கண்காட்சியில் மாயாவி ஒன்று வாங்கி அவனுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் பயம்தான், தப்பாக எடுத்துக்கொள்வானோ என்று. ஒரு வாரம் கழித்துத் திருப்பித் தந்தான்.

"இன்னாப்பா, இவனுக்குக் கை பூட்ச்சி, ஒடனே இரும்புல ஒண்ணு மாட்டி வுட்டானுங்க. நம்ம காண்ட்ராக்டர் ஒரு கிளவுசுகூட மாத்தித் தரலியே."

அப்புறம் கேட்டான்: "அட்த்த புக்கு கீதா?"