வௌவால் மேல் போட்ட பழி

"காடுதான் நோயின் கிடங்கு. வௌவாலைத் தீர்த்துக்கட்டுங்கள், காட்டை ஒட்டிக் கிடப்பவர்களைக் கீழே இறக்குங்கள், நிப்பா தானாக ஒழியும்." 2018 மே மாதம் கேரளத்துக் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் நோய் பரவிய நாள் முதல் இந்தப் பேச்சு ஓயவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்து விதுராவில் ஒரு கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து இதையே முழங்கினார், கைதட்டலும் வாங்கினார். 2019-ல் எர்ணாகுளம், 2021-லும் 2023-லும் மறுபடி கோழிக்கோடு, 2024-ல் மலப்புறம். ஒவ்வொரு முறையும் செய்தி வந்த மறுநாளே டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இந்த வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. அலுப்பு ஒருபுறம் இருக்கட்டும், இந்தப் பேச்சால் பாதிக்கப்படுகிறவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்.

போனக்காடு விதுராவுக்கு மேலே, பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தின் ஓரத்தில் இருக்கிறது. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் நடையைத் தொடங்கும் இடம். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் முடங்கிக் கிடக்கிறது. கொழுந்து கிள்ளப்படாத செடிகள் மரமாக வளர்ந்து நிற்கின்றன. பிழைப்புத் தேடி மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் லயம் என்று சொல்லும் ஓட்டை விழுந்த தொழிலாளர் வரிசை வீடுகளில் இன்னும் குடியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரக் காட்டில் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. மேடையில் "காட்டை ஒட்டிக் கிடப்பவர்கள்" என்று சொல்வது இவர்களைத்தான்.

முதலில் அந்தக் "கிடங்கு" கதையைப் பார்ப்போம். கேரளத்தில் நிப்பா வந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். 2018-ல் நோய் தொடங்கிய பேராம்பிரா பகுதி தென்னையும் கமுகும் வீட்டுத் தோட்டமுமாக ஜனம் நெருங்கி வாழும் இடம், மழைக்காடு அல்ல. நிப்பா வைரஸைச் சுமக்கும் பெரிய பழந்தின்னி வௌவால் அடர்காட்டுப் பிராணியும் அல்ல. ஊர் நடுவே ஆலமரத்திலும் அரசமரத்திலும் கோயில் தோப்பிலும் நூற்றுக்கணக்கில் தொங்கும். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதே இல்லை. புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்தார் தமிழ்நாடு, புதுச்சேரி வௌவால்களின் ரத்தத்திலும் நிப்பாவுக்கான எதிர்ப்புப் பொருளைக் கண்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் நோய் கிளம்பவில்லை. கிடங்கு என்று ஒன்று இருந்தால் அது நம் ஊர் மரத்தில்தான் இருக்கிறது. அதற்காகப் போனக்காட்டுக் காட்டின்மேல் ஏன் பாய வேண்டும்?

காட்டை அழித்தால் வௌவால் செத்துவிடாது, வீட்டுக் கொய்யாவுக்கு வரும். நிப்பாவின் பங்காளியான ஹெண்ட்ரா வைரஸை ஆஸ்திரேலியாவில் கால் நூற்றாண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. குளிர்காலத்தில் தேன் தரும் மரங்கள் வெட்டப்பட்டு உணவு தட்டுப்பட்ட காலங்களில், வௌவால்கள் சிறு கூட்டங்களாகப் பிரிந்து பண்ணைகளுக்கும் ஊர்களுக்கும் வந்தன, குதிரைகளுக்கு நோய் தொற்றியது. மிச்சமிருந்த காடு குளிர்காலத்தில் நன்றாகப் பூத்த ஆண்டுகளில் வௌவால்கள் அங்கே திரும்பிப் போயின, தொற்று ஏற்படவில்லை. காடு நோயை அனுப்பவில்லை, தடுத்து வைத்திருந்தது.

இரண்டாவது வாதம், "வௌவாலைக் கொல்". இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். உகாண்டாவில் கிட்டாகா என்ற சுரங்கத்தில் 2007-ல் தொழிலாளர்களுக்கு மார்பர்க் காய்ச்சல் வந்தது. பயந்துபோய் அங்கிருந்த பழந்தின்னி வௌவால்களையெல்லாம் கொன்று சுரங்கத்தைக் காலி செய்தார்கள். சில ஆண்டுகளில் புது வௌவால்கள் வந்து குடியேறின. சோதித்தபோது, வைரஸ் சுமந்தவற்றின் விகிதம் முன்பைவிட இரு மடங்குக்கும் மேலாக ஏறியிருந்தது. 2012-ல் பக்கத்து ஊரில் அந்த நாடு அதுவரை கண்டவற்றிலேயே பெரிய மார்பர்க் பரவல் நடந்தது. பழைய கூட்டத்தை அழித்ததால் நோயெதிர்ப்பு இல்லாத இளம் வௌவால்களுக்கு இடம் காலியானது என்பதுதான் ஆராய்ந்தவர்களின் ஊகம்.

மலேசியாவை யாராவது ஞாபகப்படுத்த வேண்டும். நிப்பாவுக்குப் பெயர் கொடுத்ததே அங்குள்ள சுங்கை நிப்பா என்ற ஊர்தான். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியது. மாதக்கணக்கில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 265 பேருக்கு நோய், 105 சாவு. இறந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், பண்ணையில் உழைத்த இந்தியர்களும் இருந்தார்கள். பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாந்தோப்பு வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட மாம்பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பழமரத்தையும் பன்றிக் கொட்டகையையும் பிரித்து வைத்தார்கள். மலேசியாவில் வௌவால்கள் இன்றும் பறக்கின்றன, அவற்றின் உடம்பில் வைரஸும் இருக்கிறது. 1999-க்குப் பிறகு அங்கே மனிதருக்கு நிப்பா பரவல் வரவில்லை. மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் சொன்னால் போதும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். 2018 கோழிக்கோடு பரவலை ஆராய்ந்த அறிக்கை 23 பேரைக் கணக்கில் எடுத்தது. அதில் 18 பேருக்கு ஆய்வகத்தில் உறுதியானது. உயிர் தப்பியவர்கள் 2 பேர் மட்டும். இந்த 23 பேரில் வௌவாலிடமிருந்து நோய் வாங்கியிருக்கக்கூடியவர் முதல் ஆள் ஒருவர்தான். மற்ற 22 பேருக்கும் இன்னொரு மனிதனிடமிருந்து வந்தது. அந்த முதல் நோயாளியை வைத்துப் பார்த்த வீட்டார், பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவருக்குப் பணிவிடை செய்த செவிலியர் லினி, பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கும் இடத்து வராந்தாவில் அவரருகே காத்திருந்தவர்கள் என்று ஒவ்வொரு கண்ணியாகப் போகிறது. இருமலும் மூச்சுத்திணறலும் உள்ள நோயாளி, முகக்கவசம் இல்லாத துணையாள், ஒரே கட்டிலில் இரண்டு பேர், வராந்தா முழுக்கப் பாய் விரித்த கூட்டம். நம் அரசு மருத்துவமனை வராந்தாவை யாருக்கும் வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை, எல்லோரும் அங்கே நின்றிருக்கிறோம். லினி மே 21-ஆம் தேதி இறந்தார். அவருக்கு நோயைக் கொடுத்தது வௌவால் என்று எந்த மனசாட்சியோடு சொல்கிறார்கள்?

இது கோழிக்கோட்டின் தனிக்கதை அல்ல. 2001 ஜனவரி, பிப்ரவரியில் மேற்கு வங்காளத்துச் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் செத்தார்கள். அது நிப்பா என்பதே சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்களில் முக்கால்வாசிப்பேர் மருத்துவமனையில் வேலை செய்தவர்கள், அல்லது உறவினரைப் பார்க்கப் போனவர்கள். சிலிகுரியில் யாரும் வௌவால் வேட்டைக்குப் போய்ச் சாகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழமும் வெந்நீரும் கொண்டுபோய்ச் செத்தார்கள்.

2019 ஜூனில் எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு வந்தபோது நோய் அவரோடு நின்றது, அவரும் பிழைத்தார். இடைப்பட்ட ஓராண்டில் கேரளத்து வௌவால்கள் எங்காவது போய்விட்டனவா? அவை இருந்த மரத்திலேயே தொங்கின. மாறியவை மருத்துவமனைகள். தனி வார்டு, முகக்கவசம், தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கண்காணிப்பது எல்லாம் பழகியிருந்தன. 2018-ல் இறந்த ஒவ்வொருவரின் வீட்டு வாசலிலும் நின்று இதைச் சொல்ல வேண்டும். மரம் வெட்டியதால் ஒரு உயிரும் பிழைக்கவில்லை. வார்டைச் சரியாக நடத்தியதால் பிழைத்தார்கள்.

அந்த 2018 மே மாதத்திலேயே நடந்த இன்னொன்று. நோய் வந்த வீட்டுக் கிணற்றில் வௌவால் இருந்தது என்று பத்திரிகைகள் படம் போட்டன. அந்த வௌவால்களைப் பிடித்து போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், வைரஸ் இல்லை என்று முடிவு வந்தது. கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் சின்ன வகை. எந்த வௌவால் எது என்றுகூடப் பிரிக்கத் தெரியாமல் ஊர் முழுக்கப் பீதி கிளப்பியாகிவிட்டது. பின்னர் அதே பகுதியில் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துப் பார்த்தபோது 52-ல் 10-ல் வைரஸ் தடயம் கிடைத்தது. ஆமாம், இருக்கிறது. இருக்கும் வைரஸ் எந்த வழியாக மனிதனிடம் வருகிறது என்பதல்லவா ஆராய்ச்சி? வங்கதேசத்தில் அதைத்தான் செய்தார்கள். அங்கே ஈச்ச மரத்துச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பதால் நோய் வந்தது. இரவில் வௌவால் வந்து சாறு வடியும் இடத்தை நக்குவதைப் படம் பிடித்தார்கள். மூங்கில் தட்டி பின்னி அந்த இடத்தை மூடினால் வௌவால் அண்டுவதில்லை என்று சோதித்துக் காட்டினார்கள்.

லயத்துப் பின்புறம் கொய்யா மரத்தடியில் விடிகாலையில் குனிந்து பாருங்கள். பாதி கடித்த காய் கிடக்கும். பக்கத்தில் கட்டைவிரல் அளவில் சப்பித் துப்பிய சக்கை, எச்சில் ஈரம் காயாமல், பல் அழுந்திய தடத்தோடு இருக்கும். வௌவால் பழத்தை வாயில் வைத்து அண்ணத்தில் நசுக்கிச் சாற்றை மட்டும் விழுங்கிவிட்டு நாரைத் துப்பிவிடும். ஆபத்து இருந்தால் அந்த எச்சிலில்தான் இருக்கிறது. கடித்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்வதும் நல்ல பழத்தைக் கழுவித் தோல் சீவித் தின்பதும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் விஷயம். மறுபுறம் அதே வௌவால்தான் இலுப்பைக் கொட்டையை ஊர் ஊராகப் போட்டு முளைக்க வைக்கிறது. அகத்தியமலைக் காட்டின் வெடிப்பலாப் பூவையும் பழந்தின்னி வௌவால்கள் இரவில் தேடி வருகின்றன. 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே எடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் பேச்சிலிருந்து இன்னும் போகவில்லை.

"காட்டு இறைச்சி தின்கிறார்கள், அதனால்தான்" என்பதற்கு ஒரு வரி போதும். கேரளத்தின் எந்த நிப்பா பரவலும் காட்டுவாசி சமைத்த கறியிலிருந்து கிளம்பியதாக ஆதாரம் இல்லை.

விலங்கு வழியாக வரும் நோயைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. வியட்நாமில் வயல் எலியைக் கறிக்கு விற்கும் வியாபாரத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். பிடித்து விற்கும் வியாபாரிகளிடம் இருந்த எலிகளில் கொரோனா வகை வைரஸ் சுமார் 21 சதவீதத்தில் இருந்தது. பெரிய சந்தைக்கு வந்தபோது 32 சதவீதம். உணவகத்தில் கூண்டில் அடைத்து வைத்திருந்தவற்றில் 56 சதவீதம். கைமாற கைமாற, நெருக்கி அடைக்க அடைக்க நோய் பெருகியது. 2003 சார்ஸிலும் இதே கதை. குவாங்டாங் சந்தைக் கூண்டுகளில் இருந்த புனுகுப்பூனைகள் பெரும்பாலானவற்றில் தொற்றின் அடையாளம் இருந்தது, பண்ணைகளில் இருந்தவற்றில் மிகச் சிலவற்றில்தான் இருந்தது. 2004 ஜனவரியில் ஆயிரக்கணக்கான புனுகுப்பூனைகளைக் கொன்றார்கள். கூண்டு வியாபாரம் திரும்பிவந்தது.

நம் பக்கம் என்ன நடக்கிறது? இங்கிருந்து நட்சத்திர ஆமைகளைத் துணிப்பையில் கட்டிப் பெட்டியில் அடுக்கித் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கடத்துகிறார்கள். அங்கிருந்து சென்னை விமான நிலையத்துக்கு, துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் மலைப்பாம்பும் குட்டிக் குரங்கும் பாங்காக் விமானத்தில் வந்து இறங்குகின்றன. சுங்கத்தார் பிடிப்பது செய்தியாகிறது, பிடிபடாதவை நகரத்து வீடுகளில் வளர்கின்றன. 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கின் நடுவே, வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் அறிவித்துவிட்டால் ஆவணம் கேட்க மாட்டோம் என்று மத்திய அரசு சலுகை கொடுத்தது. தேன் எடுத்து இறங்கும் காணிக்காரரிடம் செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொல்கிற நாட்டில்தான் இந்தச் சலுகை. மேடையில் முழங்கியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியாக, "கீழே இறக்குங்கள்" என்பது. 1957-ல் கர்நாடகத்து ஷிமோகாவில் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன, பின்னாலேயே மனிதர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். பரப்பியது உண்ணி. குரங்கும் நம்மைப் போல அதனால் சாகிற பிராணிதான். 2015-ல் வயநாட்டில் அந்தக் காய்ச்சல் பழங்குடியினரைத்தான் அதிகம் தாக்கியது. செத்த குரங்கை முதலில் பார்க்கிறவர்கள் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள். போனக்காட்டு லயத்தாரையும் காணிக்காரரையும் இறக்கிவிட்டால், அகத்தியமலை அடிவாரத்தில் ஒரு குரங்கு செத்துக் கிடப்பதை யார் பார்த்து யாருக்குச் சொல்வது? அவர்களுக்குத் தேவை உண்ணி ஏறாமல் தடவிக்கொள்ளும் எண்ணெய், கூப்பிட்டால் எடுக்கிற ஒரு தொலைபேசி எண், செத்த பிராணியின் மாதிரியை அன்றைக்கே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக ஒரு ஜீப், காய்ச்சல்காரரை விதுரா மருத்துவமனைக்கு இறக்க இன்னொரு ஜீப். பரவல் வந்த மாதத்தில் மட்டும் வலை தூக்கிக்கொண்டு வரும் ஆராய்ச்சிக் குழு, நோய் இல்லாத ஆண்டுகளிலும் வந்து மரத்தை எண்ணி வௌவாலைச் சோதிக்க வேண்டும். அதற்கு இந்தக் காடும் இந்த மனிதர்களும் இருக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.