பழைய வீடுகளில் வெப்பம் இறங்குவது கூரை வழியாக, உதவித்தொகை போவது ஏர்கோனுக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் என்ன செய்யலாம்?

இரவு மணி பத்து. வெளியே காற்று லேசாகக் குளிர ஆரம்பித்துவிட்டது. ஆனால் மாடி அறைக்குள் நுழைந்தால் அனல் அப்படியே நிற்கிறது. மின்விசிறியைப் போட்டால் சூடான காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது. கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் 1970-கள், 80-களில் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் வாழும் பலருக்கு இது பழகிப்போன கதை. "மேல படுக்க முடியல, ஹால்லயே பாய் போட்டுக்கிறோம்" என்று சொல்லாத குடும்பம் குறைவு.

வசதி இருந்தால் ஏர்கோன். இல்லாவிட்டால் சகிப்பு. நடுவில் இன்னொரு வழி இருக்கிறது. வெப்பம் உள்ளே இறங்கும் முன்பே கூரையில் அதைத் தடுப்பது. புதிய கட்டடங்களுக்குச் சிலாங்கூரில் இது சட்ட விதியாகவே இருக்கிறது. பழைய வீடுகள்தான் அந்த விதிக்கு வெளியே நிற்கின்றன.

ஏன் கூரை மட்டும் இவ்வளவு முக்கியம்?

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 3 டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மற்ற மாதங்களிலும் உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. அதனால் வெயில் சுவரைவிடக் கூரையைத்தான் அதிகம் அடிக்கிறது.

நடு வரிசை வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். வெயில் படும் சுவர் முன்னும் பின்னும் மட்டும்தான், அதுவும் 20 அல்லது 22 அடி அகலம். வானத்தைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் மிகப் பெரிய பரப்பு கூரைதான்.

வானிலை ஆய்வுத் துறை சொல்லும் 34, 35 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளக்கப்படும் வெப்பநிலை. மதிய வெயிலில் காயும் கான்கிரீட் ஓடு 60 டிகிரியைத் தொடக்கூடும். அந்த ஓடு கீழே இருக்கும் சிலிங் பலகையை நோக்கி வெப்பக் கதிர்களை வீசுகிறது. அடுப்புக்கு முன்னால் நிற்கும்போது முகத்தில் அடிக்கும் அதே அனல்தான் இது. சிலிங் சூடாகி, பிறகு அது நம் தலைமேல் வீசுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கூரையின் வெப்பம் கடத்தும் தன்மையைப் பொறியாளர்கள் 'யூ மதிப்பு' என்பார்கள். வெளியே உள்ளே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது என்பதே அது. எண் குறைந்தால் நல்லது.

ஓடு, அதன்கீழ் காலி இடம், ஒரு மெல்லிய சிலிங் பலகை. பழைய வீட்டின் கூரை இவ்வளவுதான். இதன் யூ மதிப்பு ஏறக்குறைய 2 அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். மாடியின் பரப்பு 75 சதுர மீட்டர், ஓட்டுக்கும் அறைக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், உச்சி வெயிலில் சுமார் 5,000 வாட் வெப்பம் கீழே இறங்குகிறது. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 2,600 வாட். அதாவது இரண்டு ஏர்கோன் ஓடினால், கூரை வழியாக வரும் வெப்பத்தை வெளியே தள்ளுவதற்கே சரியாகப் போய்விடும்.

யூ மதிப்பை 0.4-க்குக் கொண்டுவந்தால் அதே 5,000 வாட் சுமார் 900 வாட்டாகக் குறையும். இது தோராயக் கணக்கு. ஓட்டின்கீழ் காற்றோட்டம் இருந்தால் இரண்டு எண்களும் கொஞ்சம் இறங்கும். ஆனால் வித்தியாசத்தின் அளவு புரிகிறதல்லவா?

சட்டம் யாருக்குப் பொருந்துகிறது?

அந்த 0.4 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. சிலாங்கூர் மாநிலம் 2012-ல் திருத்திய சீரான கட்டட துணைச்சட்டத்தின் 38ஏ பிரிவு சொல்லும் வரம்பு அது. எடை குறைந்த கூரைக்கு 0.4, கனமான கூரைக்கு 0.6. அலுவலகம் மட்டுமல்ல, குடியிருப்பு வீடுகளுக்கும் இது பொருந்தும். குடியிருப்புகளின் எரிசக்திச் சிக்கனத்துக்கென்று 2017-ல் எம்எஸ் 2680 என்ற மலேசியத் தர வழிகாட்டியும் வந்தது.

ஆனால் கட்டட விதி என்பது புதிதாகக் கட்ட வரைபடம் தாக்கல் செய்பவருக்கு. 1978-ல் கட்டிய வீட்டின் கதவை யாரும் வந்து தட்டப்போவதில்லை. 2025 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டமும் பெரிய கட்டடங்களையும் அதிக மின்சாரம் பயன்படுத்தும் நிறுவனங்களையும் மின்சாதனங்களையும் நோக்கியது. சாதாரண வரிசை வீட்டின் கூரை அதில் இல்லை.

உதவித்தொகையும் அப்படித்தான். 'சேவ்' திட்டம் நட்சத்திரத் தரமுள்ள ஏர்கோனுக்கும் பிரிட்ஜுக்கும் தள்ளுபடி தந்தது. வீட்டுக் கூரையில் சோலார் பொருத்துவோருக்கு 2024-ல் 4,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. இரண்டும் நல்லவைதான். ஆனால் வெப்பத்தடுப்பு இந்தப் பட்டியலில் இல்லை. ஓட்டைப் பானைக்கு நல்ல அகப்பை வாங்கித் தருவது போல இருக்கிறது நிலைமை.

அத்தாப்பிலிருந்து ஓட்டுக்கு: பிரிக்பீல்ட்ஸ் சொல்லும் கதை

கோலாலம்பூரின் கூரை வரலாறு பிரிக்பீல்ட்ஸோடு பின்னிக் கிடக்கிறது. 1881-ல் தீயும் அதன் பின் வெள்ளமும் ஊரை அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச் சுவரும் ஆபத்து என்று முடிவாகி, ஸ்வெட்டன்ஹாம் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில் செங்கல், ஓட்டுக்கு மாறும்படி உத்தரவு வந்தது. அதற்குச் செங்கல் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ்.

தீயிலிருந்து ஊர் தப்பியது. ஆனால் அத்தாப்பு ஒரு நல்ல வெப்பத்தடுப்பு. அந்த இழப்பைப் பழைய கடைவீடுகள் வேறு விதத்தில் ஈடுகட்டின. உயர்ந்த சிலிங், வீட்டின் நடுவே வானம் பார்த்த காற்றுக்கிணறு, ஐந்தடி நடைபாதையின் நிழல். சூடான காற்று மேலேறிப் போக வழி இருந்தது.

பின்னால் வந்த வரிசை வீடுகளில் சிலிங் தாழ்ந்தது. காற்றுக்கிணறு சுருங்கியது. மீதியை நாமே செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பின்வாசலை அடைத்துச் சமையலறையை நீட்டினோம். முன்னால் கார் நிறுத்தத் தகரம் போட்டோம். சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துளைகளை, கொசு வருகிறது, ஏர்கோன் குளிர் போகிறது என்று அடைத்துவிட்டோம். முன்னிருந்து பின்னுக்கு ஓடிய காற்று நின்றுபோனது.

மலையில் செய்வதை இங்கே செய்யலாமா?

இணையத்தில் வெப்பத்தடுப்பு பற்றித் தேடினால் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி குளிர் நாடுகளுக்கும் மலைப் பகுதிகளுக்கும் உரியது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேமரன் மலையில் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே 1978 பிப்ரவரி 1-ல் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது. அங்கே பழைய பங்களாவுக்கு வேண்டியது கம்பளி. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக் கூடாது. சந்து, இடுக்கு எல்லாவற்றையும் அடைப்பது சரி. கிள்ளானுக்கு வேண்டியது குடை. மேலிருந்து வருவதை நிறுத்தினால் போதும், பக்கவாட்டில் காற்று ஓடட்டும். இங்கே வீட்டை டப்பா போல அடைத்தால், நம் ஊர் ஈரப்பதத்துக்குச் சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும்.

ஈரம் வரும் திசையும் நேர்மாறு. குளிர் ஊரில் வீட்டுக்குள்ளிருந்து ஈரம் வெளியே போய்க் குளிர்ந்த பலகையில் வியர்க்கும். இங்கே ஏர்கோன் போட்ட அறையின் சிலிங் குளிர்ந்து கிடக்க, ஓட்டின்கீழ் உள்ள ஈரமான சூட்டுக் காற்று அதன் மேல் பக்கத்தில் வியர்க்கும். ஆகவே ஈரத்தைத் தடுக்கும் தாள் அங்கே அறைப் பக்கம், இங்கே ஓட்டின் பக்கம். இதை மாற்றிப் போட்டால் சிலிங் ஊறிப்போகும்.

சரி, எதை முதலில் செய்வது?

முதலில் காற்று. அடைத்த காற்றுத் துளைகளைக் கொசுவலை போட்டுத் திறந்துவிடுங்கள். ஓட்டின்கீழ் தேங்கும் சூடு வெளியேறவும் வழி வேண்டும். தாழ்வாரத்தின் அடிப்பகுதியில் துளைப்பலகை, கூரையில் சுழலும் காற்றாடி என்று இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். காற்றாடி மட்டும் வைத்து, காற்று உள்ளே வர வழி விடாவிட்டால் பயன் குறைவு.

அடுத்து ஃபாயில். பளபளப்பான அலுமினியத் தாள் கதிர் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பளபளப்பான பக்கத்தை ஒட்டி குறைந்தது ஓர் அங்குலம் காலி இடம் இருக்க வேண்டும். வேறொரு பொருளில் ஒட்டிக் கிடந்தால் அது வெறும் உலோகத் தாள். பளபளப்பு கீழே பார்த்தபடி இருந்தால் தூசி படியாது. ஓட்டைக் கழற்றி மாற்றும் நேரமே இதைப் போடச் சரியான நேரம்.

மூன்றாவது, சிலிங் மேல் ரொக்வூல் அல்லது கண்ணாடி நார் மெத்தை. 50 மில்லிமீட்டர் மெத்தையும் ஃபாயிலும் சேர்ந்தால் 0.4-ஐ நெருங்கலாம். 75 மில்லிமீட்டர் என்றால் நிம்மதி. தகரக் கூரை அல்லது தட்டையான கான்கிரீட் கூரைக்கு வெள்ளைப் பூச்சும் நன்றாக உதவும். பாசியும் தூசியும் படிந்தால் அதன் பலன் குறையும் என்பதால் கழுவிப் பராமரிக்க வேண்டும்.

குத்தகையாளரிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். "ஆர் மதிப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். அது வெப்பத்தைத் தடுக்கும் திறன். எண் கூடினால் நல்லது. பதில் சொல்லத் தெரியாதவர் விற்பது என்ன என்று அவருக்கே தெரியாது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பகல் முழுக்க வெயில் குடித்த செங்கல் சுவர் இரவில் சூட்டைக் கக்கும். கூரையை மூடியபின் அந்தச் சூடு மேலே போவதும் மெதுவாகும். இரவில் சன்னலைத் திறந்து காற்று விடாவிட்டால் பலனில் பாதி போய்விடும்.

இரண்டு ஆபத்துகள்

முதலாவது ஆஸ்பெஸ்டாஸ். 1980-களிலும் அதற்கு முன்பும் கட்டிய பல வீடுகளின் சிலிங் பலகையில் அது இருக்கலாம். அசையாமல் இருக்கும்வரை அபாயம் குறைவு. துளைத்தால், உடைத்தால், துடைப்பத்தால் கூட்டினால் அதன் நுண் நார்கள் நுரையீரலுக்குள் போகும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. சந்தேகம் இருந்தால் மேலே ஏறும் முன் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். ஆஸ்திரேலியா 2009-ல் வீட்டுக் கூரை வெப்பத்தடுப்புக்கு அரசு மானியம் தந்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வேலை நடந்தது. ஆனால் பயிற்சியும் கண்காணிப்பும் போதாமல் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் வெப்பம் தாங்காமல். 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது. பழைய வயர் மேல் ஃபாயிலை ஆணி அடித்துப் பொருத்துவது அவ்வளவு ஆபத்து. மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரையும் மேலே ஏற்றாதீர்கள். மெத்தையால் வயரையும் சிலிங் விளக்குகளையும் மூடாதீர்கள்.

அடுக்குமாடியிலும் வாடகை வீட்டிலும் இருப்பவர்கள்?

இங்கேதான் பிரச்சினை கூர்மையாகிறது. மலிவு விலை அடுக்குமாடியின் உச்சி மாடியில் இருப்பவருக்குக் கூரை சொந்தமில்லை. அது பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பொதுச் சொத்தை மேம்படுத்த இருப்பு நிதியைப் பயன்படுத்த நிர்வாகக் குழுவுக்கு வழி உண்டு. வெயில் அடிப்பது மேல் மாடிக்கு, காசு போடுவது எல்லா மாடியும் என்பதால் இது எளிதில் நிறைவேறாது. ஆனாலும் ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கும் நேரத்தில் வெள்ளைப் பூச்சையும் சேர்த்துக்கொள்ளும்படி ஆண்டுக் கூட்டத்தில் கேட்கலாம்.

வாடகைக்கு இருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. கூரைக்குச் செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர், மின் கட்டணம் கட்டுபவர் வாடகைக்காரர். செலவு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு என்றால் வேலை நடக்காது. உலகம் முழுக்க இதே சிக்கல்தான். அரசு தலையிட வேண்டிய இடமும் இதுதான்.

2025 ஜூலை 1 முதல் வந்த புதிய மின் கட்டண முறையில் மாதம் 600 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் எரிபொருள் சரிக்கட்டலும் இல்லை. 1,000 யூனிட் வரை சிக்கன ஊக்கத்தொகையும் உண்டு. இன்னொரு ஏர்கோன் அந்தக் கோட்டைத் தாண்டவைக்கும். நல்ல கூரை அந்தக் கோட்டுக்குள் நிற்க உதவும்.

வசதி குறைந்தோரின் வீடுகளைச் செப்பனிடும் அரசுத் திட்டங்கள் இப்போதே இருக்கின்றன. அவற்றின்கீழ் ஒரு கூரை பிரிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஃபாயிலும் மெத்தையும் சேர்க்கப்பட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், தொடக்கம் அங்கிருந்தே வரும். மதியம் முழுக்க வீட்டிலேயே இருக்கும் பாட்டி தாத்தாவுக்கும் கைக்குழந்தைக்கும் இது வெறும் மின் கட்டணக் கணக்கு அல்ல, உடல்நலக் கணக்கு.