முதல்ல கம்ப்ரஸர், அப்புறம்தான் கன்

வீட்டுக் காரோட மிரர் கவரையோ வீல் கேப்பையோ நாமே பெயின்ட் பண்ணலாம்னு முடிவு பண்ணா, முதல்ல என்ன செய்வீங்க? ஆன்லைன்ல ஸ்ப்ரே கன் தேடுவீங்க. எது பெருசா, எது பளபளன்னு இருக்கோ அதை கார்ட்ல போடுவீங்க. அது தலைகீழான வரிசைங்கிறதுதான் என் கருத்து. கன்னை முடிவு பண்ண வேண்டியது உங்க கம்ப்ரஸர்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். 25 லிட்டர் டேங்க்ல அழுத்தம் 8 பார்ல இருந்து 4 பாருக்கு இறங்கினா, வெளியே வர்ற காத்து சுமார் 100 லிட்டர், அதாவது 3.5 கன அடி. பாடி ஷாப்ல பயன்படுத்துற பெரிய எச்விஎல்பி கன் நிமிஷத்துக்கு 10 கன அடி கேக்குதுன்னு வைங்க. உங்க கம்ப்ரஸர் 3 கன அடிதான் தரும்னா, அரை நிமிஷத்துல அழுத்தம் விழுந்துடும். அப்புறம் பெயின்ட் பொடியாகாம துளித்துளியா விழும். காஞ்சதும் ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். நீங்க பெயின்ட்டைத் திட்டுவீங்க. தப்பு பெயின்ட் மேல இல்ல.

அதே கம்ப்ரஸர்ல, நிமிஷத்துக்கு 4 கன அடி போதும்கிற மினி கன்னை மாட்டுங்க. மூணரை நிமிஷம் தாங்கும். மிரர் கவருக்கு ஒரு கோட் அடிக்க அதுல பாதி நேரம்கூட ஆகாது. 0.8 அல்லது 1 மில்லிமீட்டர் நாசில் இருந்தா கலர் கோட்டுக்குப் போதும். கம்ப்ரஸர் பெட்டியில பெருசா போட்டிருக்கிற எண்ணை நம்பாதீங்க. நிஜமா வெளியே வர்ற காத்து அதைவிடக் குறைவாத்தான் இருக்கும். கடலோர ஊர்க்காரங்க வாட்டர் ட்ராப் வாங்காம ஆரம்பிக்கவே வேண்டாம். டேங்க்ல சேர்ற தண்ணி பெயின்ட்டோட கலந்தா கொப்புளம்தான்.

செவுத்துக்கு அடிக்கிற எலெக்ட்ரிக் கன் மலிவா கிடைக்குதேன்னு கேக்கலாம். அதோட நாசில் பெரும்பாலும் பெருசு. கேட்டுக்கும் செவுத்துக்கும் சரி, காருக்கு வேண்டாம்.

இன்னொண்ணு நேர்மையா சொல்லணும். ஒரே ஒரு மிரர் கவர்தான்னா எதுவுமே வாங்காதீங்க. ஸ்ப்ரே கேன் போதும். மிச்சமாகுற காசுல நல்ல உப்புத்தாளும் பிளாஸ்டிக் ப்ரைமரும் வாங்குங்க. பெயின்ட் உரியுறதுக்குக் காரணம் பெரும்பாலும் கன் இல்ல, சரியா தேய்க்காத பரப்பு.

கடைசியா, நாம எல்லாரும் அலட்சியம் பண்ற விஷயம்: மாஸ்க். கோவிட் சமயத்துல போட்ட துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் கார்ட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும், காத்தோட்டமான இடம் வேணும், பக்கத்துல அடுப்போ நெருப்போ இருக்கக் கூடாது. ஹார்டனர் கலக்குற 2கே கிளியர் கோட்ல ஐசோசயனேட் இருக்கு. அது ஆஸ்துமாவையே வரவழைக்கக் கூடியது. ஒரு தடவை ஒத்துக்காமப் போச்சுன்னா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு திணறலாம். அந்த ஒரு கோட்டை மட்டும் பெயின்ட் ஷாப்ல கொடுத்துடுங்க. வீட்டு மொட்டை மாடியில, பக்கத்துல தம்பி தங்கச்சி நிக்கிறப்ப, அதை அடிக்காதீங்க.

கம்ப்ரஸர், மாஸ்க், உப்புத்தாள், அப்புறம் கன். உங்க பட்ஜெட்டை இந்த வரிசையில செலவு பண்ணுங்க. பெயின்ட் சரியா வரலைன்னா மறுபடி தேய்ச்சு அடிச்சுக்கலாம். நுரையீரலை அப்படிப் பண்ண முடியாது.