480 நாள் சட்டம் எங்கே போனது?

மாண்புமிகு தமிழ்நாடு தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

ஒரகடம் சிப்காட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடம் "பெர்மனென்ட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். ட்ரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் என்று பதில் வரும். லைனில் செய்யும் வேலை மட்டும் ஒன்றுதான்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1981இல், இந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தவரை நிரந்தரமாக்கியே ஆகவேண்டும். அதைத் தாண்டிக் குதிக்கும் வித்தை எல்லோருக்கும் தெரியும்: 480 நெருங்கும்போது கணக்கை முடிப்பது, கொஞ்ச நாள் கழித்து வேறொரு காண்ட்ராக்டர் பெயரில் அதே ஆளைச் சேர்ப்பது. இல்லையென்றால் அப்ரண்டிஸ் என்று எழுதிவிடுவது. 1961ஆம் ஆண்டின் சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளியே அல்ல. மாதக்கணக்கில் ஒரே ஸ்க்ரூவை முடுக்குவதில் என்ன பயிற்சியோ!

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறித்த கால வேலைக்கு அவை இடம் தருகின்றன. நிரந்தரத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம், ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி எல்லாம் நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை. அப்படியானால் நம் 480 என்ன ஆகும்?

சங்கம் வைத்துப் போராடட்டும் என்பீர்கள். 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பதிவானதோ 2025 ஜனவரியில்தான். இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் நிரந்தரத் தொழிலாளர்கள். அடுத்த மாதம் கேட் பாஸ் இருக்குமா என்றே தெரியாத பெண், சங்கப் படிவத்தில் எந்தத் தைரியத்தில் கையெழுத்துப் போடுவாள்?

1981 சட்டத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சட்டமன்றத்தில் சொல்லுங்கள். காண்ட்ராக்டர் மாறினாலும் பி.எஃப். யுஏஎன் எண் மாறுவதில்லை. அதை வைத்து ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஆலையிலும் 480 தாண்டியவர்களைக் கணக்கெடுக்கட்டும். அரசு நினைத்தால் வேகமாகச் செயல்பட முடியும்: 2023 ஏப்ரல் 21இல் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவை மே 1ஆம் தேதியே திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. பத்தே நாள். இந்தக் கணக்கெடுப்புக்கு ஆறு மாதம்கூட எடுத்துக்கொள்ளுங்கள். முடிவை ஆலைவாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீபெரும்புதூர்வாசி ஒருவன்